தவழும் வயதும் கடைக்காரரின் காம்போவும்

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம். குப்புற விழுந்து நீந்துகிறாள், ஆனால் முட்டி போட்டுத் தவழ ஆரம்பிக்கவில்லை. "வாக்கர்ல போட்டா கால் தானா வலுவாகிடும்" என்கிறார் மாமியார். கடையில் விசாரித்தால் வாக்கர், தானாக ஓடும் நண்டு பொம்மை, முட்டிக்கு மாட்டும் உறை மூன்றையும் சேர்த்து 3,200 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: வாக்கர் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. மற்ற இரண்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

முதலில் உங்கள் கவலைக்கு வருவோம். இந்தியா உட்பட 5 நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, முட்டி போட்டுத் தவழும் வயது சுமார் 5 மாதத்தில் தொடங்கி பதின்மூன்றரை மாதம் வரை நீள்கிறது. நூற்றில் நான்கு குழந்தைகள் அப்படித் தவழவே இல்லை; உட்கார்ந்தபடி நகர்ந்தோ, நேரே எழுந்து நின்றோ அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள். 8 மாதத்தில் நீந்துகிற குழந்தை பின்தங்கிய குழந்தை அல்ல. ஆனால் ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் இழுத்துக்கொண்டு நகர்ந்தாலும், உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருந்தாலும், 9 மாதம் முடிந்தும் பிடிமானம் இல்லாமல் உட்கார முடியாவிட்டாலும் கடைக்குப் போகாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

இனி வாக்கர். சக்கரம் வைத்த வட்டச் சட்டத்தின் நடுவே துணி இருக்கையில் குழந்தையைத் தொங்கவிடுவதுதான் அது. குழந்தை தன் எடையைத் தானே தாங்குவதில்லை. நுனிக்காலால் உந்துகிறது, அவ்வளவுதான். தவழும்போது தோள், முதுகு, இடுப்பு எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இதில் கிடையாது. இதில் போட்டால் சீக்கிரம் நடக்கும் என்பதும் உண்மையில்லை; கொஞ்சம் தாமதமாகும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அதைவிடப் பெரிய விஷயம் விபத்து. பெரியவர் எட்டிப் பிடிப்பதற்குள் வண்டி வாசற்படியைத் தாண்டிவிடும். தவழும் குழந்தைக்கு எட்டாத டீ டம்ளரும் அயர்ன் பாக்ஸ் வயரும் வாக்கரில் இருக்கும் குழந்தைக்கு எட்டும். கனடா 2004-லேயே இதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்துவிட்டது, பழையதைக் கைமாற்றி விற்பதும் அங்கே குற்றம். நம் ஊரில் தடை இல்லை, அதனால் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாமியாரிடம் இதை வாதமாகக் கொண்டுபோக வேண்டாம். "நம்ம பழைய மர நடைவண்டி வாங்கலாம் அத்தை, ஆனா அவளா எழுந்து நின்னதுக்கு அப்புறம்" என்று சொல்லிப் பாருங்கள். அதில் குழந்தை தன் காலில் நின்று தள்ளிக்கொண்டு போகிறது, உள்ளே தொங்குவதில்லை. அதிலும் பக்கத்தில் ஆள் வேண்டும், படிக்கட்டுப் பக்கம் விடக்கூடாது.

முட்டி உறை வீண் செலவு. டைல்ஸ் தரையில் வெறும் முட்டிதான் நன்றாகப் பிடிக்கும். உறையின் இறுக்கமான எலாஸ்டிக் தொடையில் தடம் பதிப்பதுதான் மிச்சம். சிமென்ட் தரை சொரசொரப்பாக இருந்தால் மெல்லிய பருத்திக் கால்சட்டை போதும்.

நண்டு பொம்மை ஆசைக்கு வாங்குவதென்றால் வாங்குங்கள், ஆனால் பார்த்து. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்க வேண்டும். உள்ளே பட்டன் பேட்டரி என்றால் எடுக்கவே வேண்டாம். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் வந்துவிடும். ஒரு வேளை விழுங்கிவிட்டால் அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

காசு செலவில்லாத வழி: பால் குடித்த உடனே இல்லாமல், கொஞ்ச நேரம் கழித்து, நாளுக்குப் பல தடவை தரையில் குப்புற விடுங்கள். நீங்களும் எதிரே படுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் கிண்ணத்தைக் கைக்குச் சற்று எட்டாத தூரத்தில் உருட்டிவிடுங்கள். இடுப்பை விட்டு இறக்காமல் வளர்க்கும் வீடுகளில் தவழ்வது தள்ளிப்போகலாம். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று ஐந்தாம் மாதத்துக்கே ஒன்று வைத்திருக்கிறார்கள்: ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி, இரு கையும் ஊன்றி, தலை நிமிர்ந்து ஆடுவது. தரையில் விட்டால்தானே அது நடக்கும்!

மிச்சமாகும் பணத்தில் தரை மட்டத்தில் இருக்கும் பிளக் பாயிண்ட்டுகளுக்கு மூடி வாங்குங்கள். கொசு மருந்துப் பாட்டில், பினாயில், பாச்சா உருண்டை எல்லாம் மேலே போகட்டும். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் கற்பூரத்தையும் மறக்காதீர்கள். குழந்தை தின்றால் வலிப்பு வரும், பலருக்கு இது தெரிவதில்லை. குளியலறை வாளியில் தண்ணீர் தேக்கி வைக்க வேண்டாம்.

கேள்வி: தவழ்வதற்கு எழுத்து எழுத்தாகக் கழற்றி மாட்டும் ஃபோம் மேட் வாங்கலாமா, ஜமுக்காளம் போதுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: பவானி ஜமுக்காளம் வீட்டில் இருந்தால் அதுவே போதும். துவைக்கலாம், வெயிலில் காயப்போடலாம். டைல்ஸில் வழுக்கினால் ஓரங்களைக் கட்டில் காலுக்கு அடியில் கொடுத்துவிடுங்கள். தலை மோதும் பயம் இருந்தால் மேட் வாங்குங்கள். சுமார் 1 செ.மீ. கனம் போதும். மெத்தை மாதிரி அமுங்கினால் கை ஊன்ற வராது. எழுத்து கழன்று வரும் வகை வேண்டாம், 'ஆ'வின் சுழியைக் கடித்துப் பிய்த்து வாயில் போட்டுவிடும். ஒரே விரிப்பாக வருவது நல்லது. ஃபோமில் ஃபார்மமைடு என்ற வேதிப்பொருள் இருப்பதாக 2010-ல் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் பிரச்சினை கிளம்பி, பிறகு ஐரோப்பிய ஒன்றியம் பொம்மைகளில் அதற்கு வரம்பு வைத்தது. எனவே பிரித்ததும் இரண்டு மூன்று நாள் மொட்டை மாடி நிழலில் காற்றாட விடுங்கள். அதற்குப் பிறகும் நெடி அடித்தால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: திருப்பிக் கொடுக்கத்தான் முடியவில்லை! ஆன்லைனில் 'மணமற்றது, நச்சற்றது' என்று போட்டிருந்த மேட் ஒரு வாரமாக நாறுகிறது. குழந்தைகள் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்கிறார் விற்பனையாளர்.
- வாசகி, மதுரை

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளே சொல்கின்றன. அந்தப் பக்கம் மாறுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பில், அட்டைப்பெட்டி லேபிள் இரண்டையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். வராவிட்டால் மதுரையிலேயே, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை மேட்டைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி.