ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பத்து வயது தாண்டிய, டிக்கி வைத்த குடும்ப வண்டிகளைப் பற்றியவை. சந்தோஷம். ஆனால் ஒன்று. எந்த வண்டி, எந்த ஆண்டு, பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற நாலு தகவலும் இல்லாத கடிதத்துக்கு என்னால் பதில் எழுத முடியாது. போன முறையும் சொன்னேன், அதற்கு முந்தின முறையும் சொன்னேன்.

2011 டிசையர் பெட்ரோல், 1.1 லட்சம் கி.மீ. கையில் 40 ஆயிரம் இருக்கிறது. அலாய் வீல், டச் ஸ்க்ரீன், லெதர் சீட் கவர் மூன்றும் இதற்குள் முடியுமா? (திண்டுக்கல்)

முடியும். முடிக்காதீர்கள். முதலில் கீழே குனிந்து டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் படியுங்கள். 2318 என்று இருந்தால் 2018ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர். பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) எவ்வளவு இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன ரப்பர் இறுகிவிடும், மழையில் பிடிக்காது. உங்கள் வண்டிக்கு நாலு டயர் 17, 18 ஆயிரத்தில் வரும். கடையில் வாங்கும்போதும் அதே எண்ணைப் பாருங்கள், குடோனில் இரண்டு வருடம் தூங்கியதை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். அடுத்து பிரேக். பேடு, பின் டிரம் ஷூ, பிரேக் ஆயில் மூன்றும் சேர்த்து ஐந்தாயிரத்துக்குள் முடியும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். கொடைக்கானல் இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி இறங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். அப்புறம் முன் சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள்: ஷாக், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு. பள்ளத்தில் கடகட என்று கேட்பது இவற்றில் ஏதோ ஒன்று. எல்லாம் முடித்து வீல் அலைன்மென்ட் பார்த்தால் 40 ஆயிரத்தில் ஐந்தோ ஆறோ மிஞ்சும். அதில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள், பழைய ஸ்டீரியோவே போதும்.

மெக்கானிக் எதை மாற்றினாலும் கழற்றிய பாகத்தைக் கையில் வாங்குங்கள்.

என் காரில் மைலேஜ் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்? (ஊர் பெயரும் இல்லை)

ஏர் ஃபில்டரைப் பாருங்கள், டயரில் காற்றைப் பாருங்கள், அப்புறம் இந்தப் பத்தியின் முதல் பாராவைப் படியுங்கள்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் போட்டால் 2009 வண்டியின் இன்ஜின் கெட்டுவிடும் என்கிறார்களே? (நாகர்கோவில்)

ஒரு டேங்கில் கெடாது. ஆனால் உங்கள் வண்டி அந்தப் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டது இல்லை என்பதும் உண்மை. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் 20 சதவீதம் கலந்தால் மைலேஜில் ஆறேழு சதவீதம் வரை போகலாம், அதற்கு மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. கவனிக்க வேண்டியது ரப்பர். பழைய ஃப்யூயல் ஹோஸ், ஓ-ரிங், ஊறி வெடிக்கும். பானெட்டைத் திறந்து ஹோஸை வளைத்துப் பாருங்கள். கீறல் தெரிந்தாலோ பெட்ரோல் வாசனை வந்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள். சில நூறு ரூபாய் வேலை. இன்னொன்று, எத்தனால் ஈரத்தை இழுக்கும். வெளிநாட்டிலிருக்கும் மகனின் வண்டி என்று அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

2006 அக்சென்ட் பெட்ரோல். ஏற்காடு ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போனது. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார், "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்லை" என்றார். இப்போது சமதளத்தில் முள் கீழேயே கிடக்கிறது, ஆனால் மலையில் மறுபடி ஏறுகிறது. லிட்டருக்கு 13 கி.மீ. கொடுத்த வண்டி 10தான் கொடுக்கிறது. (சேலம்)

எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டில் பாதிப் பட்டறைகளில், கழற்றிய தெர்மோஸ்டாட் வால்வுகள் ஒரு டப்பா நிறையக் கிடக்கும். வண்டி சூடாகிறது என்று சொன்னால் போதும், முதல் ஸ்பானர் அங்கேதான் போகும். பத்து நிமிட வேலை, முள் இறங்கிவிடும், வாடிக்கையாளர் கும்பிட்டுவிட்டுப் போவார். வியாதி அப்படியே இருக்கும்.

வெயிலுக்கும் அந்த வால்வுக்கும் சம்பந்தம் இல்லை. வெளியே 40 டிகிரி அடித்தாலும் இன்ஜின் ஓட வேண்டிய சூடு 90 பக்கம். வால்வு 80 சொச்சத்தில் திறக்க ஆரம்பிக்கும், அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கி அந்தச் சூட்டிலேயே வைத்திருப்பதுதான் அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் ஹைவேயில் இன்ஜின் சூடே ஏறாமல் ஓடும். சென்சார் "இன்னும் குளிராக இருக்கிறது" என்று சொல்லும், கம்ப்யூட்டர் அதை நம்பிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். உங்கள் 13, 10 ஆனது இப்படித்தான். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்த்துப் போகச் செய்யும், பிளக் கரி பிடிக்கும். சில இன்ஜின்களில் இன்னும் ஒரு கூத்து உண்டு. வால்வு திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும்படி அமைத்திருப்பார்கள். வால்வே இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்து கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிவரும். குளிர வைக்கக் கழற்றியது சூடாக்கவே உதவும்.

சரி, மலையில் ஏன் ஏறியது? முதல், இரண்டாம் கியரில் இன்ஜின் கத்துகிறது, வண்டியோ நடக்கிற வேகத்தில் போகிறது. எதிர்க்காற்று இல்லை. ரேடியேட்டருக்குக் காற்று தருவது ஃபேன் மட்டும்தான். எனவே பார்க்க வேண்டிய வரிசை இது: ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா, ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) சரியா, மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதா. அப்புறம் ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, 120 டிகிரி பக்கம் கொதிக்க வேண்டிய கூலண்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) முன்னாலேயே கொதிக்கும். முந்நூறு ரூபாய் மூடிக்காக இன்ஜினையே இறக்கிய புண்ணியவான்கள் உண்டு. பிறகு, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேர்ந்திருக்கும் தூசி, பூச்சி, வைக்கோல். கடைசியாக ரேடியேட்டரின் உள்பக்கம்.

உள்பக்கம் என்றதும் அடுத்த குற்றவாளி வருகிறார்: போர் தண்ணீர். உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடில் வெள்ளையாக ஒரு பொருக்கு படிகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. ராடைச் சுரண்டலாம், குழாயைச் சுரண்ட முடியாது. உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். கூலண்ட் என்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கு, தண்ணீர் உறையாமலிருக்க என்று ஒரு வாதம் சொல்வார்கள். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதே கூலண்ட்தான். கான்சன்ட்ரேட் ஒரு பங்கு, பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பங்கு. உங்கள் வண்டிக்கு மொத்தம் ஐந்தாறு லிட்டர் பிடிக்கும். ஆயிரத்தைந்நூறு ரூபாயில் இரண்டு மூன்று வருடம் ஓடும். கேன் தண்ணீர் ஊற்றலாமா என்று அடுத்து எழுதாதீர்கள். வழியில் அவசரத்துக்கு ஊற்றலாம், வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட வேண்டும்.

இன்னொரு கைவைத்தியமும் உங்கள் வண்டியில் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேனைச் சென்சார் வழியாக விடாமல் நேராகச் சாவியோடு இணைத்துவிடுவது. சாவி போட்டதும் ஃபேன் ஓடினால் அதுதான். பழுதான ரிலேயை மறைக்க இது ஒரு வழி, மோட்டார் சீக்கிரம் போய்ச் சேரவும் இதுவே வழி.

ஆக, புது வால்வு (ஐந்நூறிலிருந்து எண்ணூறு ரூபாய்), புது மூடி, ரேடியேட்டர் கிளீனிங், சரியான கூலண்ட், ஃபேன் சர்வீஸ். எல்லாம் சேர்ந்து ஐந்தாறாயிரம். செய்யாவிட்டால் ஒரு நாள் இன்ஜினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் வளையும், அதன் அடியிலிருக்கும் கேஸ்கெட் போகும், லேத்தில் ஹெட்டைச் சமப்படுத்தி எல்லாம் மாட்டி வெளியே வர 20, 25 ஆயிரம் ஆகும். அதுவரை மலையில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து விடுங்கள். வியர்க்கும், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள். சூடு ஆறாமல் மூடியைத் திறக்காதீர்கள். அந்த மெக்கானிக்கிடம் பழைய வால்வைக் கேளுங்கள், தர மாட்டார்.

போகிற போக்கில்: இந்த வண்டியில் டைமிங் பெல்ட் (பிஸ்டனையும் வால்வுகளையும் தாளம் தப்பாமல் ஓட்டும் பெல்ட்) எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. தெரியவில்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் பிஸ்டன் இடித்து இன்ஜின் வால்வுகள் வளையும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்தே மாற்றுங்கள்.

2006 ஹோண்டா சிட்டி இசட்எக்ஸ். மிஸ்ஃபயர் ஆகிறது என்று நாலு பிளக்கும் மாற்றியாயிற்று. சரியாகவில்லை. (மதுரை)

உங்களுடையது ஐ-டிஎஸ்ஐ இன்ஜின் என்றால் அதில் பிளக் எட்டு. சிலிண்டருக்கு இரண்டு. பின்பக்க நாலும் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் உங்கள் ஆள் முன்பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறார். மீதி நாலையும் மாற்றச் சொல்லுங்கள். எட்டையும் கையில் வாங்குங்கள்.

ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. 100/90 வாட் பல்பு போடலாமா, எல்இடி போடலாமா? (பட்டுக்கோட்டை)

இரண்டும் வேண்டாம். கம்பெனி வயரிங் 60/55 வாட் எச்4 பல்புக்கு அளந்து போட்டது. நூறு வாட் போட்டால் ஹோல்டர் உருகும், சுவிட்சும் கருகும். ரிஃப்ளெக்டருக்குள் மலிவு எல்இடி போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாது, எதிரே வருகிறவர் கண்ணில் விழும். மஞ்சளாகிப்போன கண்ணாடியைப் பாலிஷ் செய்யுங்கள், ரிலேயோடு தனி வயரிங் போடுங்கள், அதே 60/55 பல்பைப் புதிதாக மாட்டுங்கள். இரண்டாயிரத்துக்குள் அடங்கும். வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

2005 எஸ்டீம், அப்பா வாங்கியது. 2020இல் ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்தோம், அதுவும் முடிந்துவிட்டது. மறுபடி புதுப்பிக்கலாமா, இல்லை டெல்லி மாதிரி ஸ்கிராப்புக்குத்தான் போக வேண்டுமா? (கும்பகோணம்)

பெட்ரோலுக்கு 15 வருடம், டீசலுக்கு 10 வருடம் என்பது டெல்லி வட்டாரத்துக் கதை. தமிழ்நாட்டில் வண்டி தகுதியாக இருந்தால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் செலவு கூடிவிட்டது. 15 வருடம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். உங்கள் வண்டி இரண்டாவது ரகம். பசுமை வரி தனி. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதம் ஏறும், எனவே யோசிப்பதை வேகமாக யோசியுங்கள். படிவம் 25, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று இவற்றோடு வண்டியையும் கொண்டுபோய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். ஆர்சி முடிந்த வண்டியை "பக்கத்துத் தெருவரைக்கும்தான்" என்று ஓட்டாதீர்கள்.

இன்சூரன்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வண்டியின் மதிப்பே 40 ஆயிரம் என்றால் தேர்டு பார்ட்டி போதும், உங்கள் இன்ஜின் சிசிக்கு வரியோடு நாலாயிரம் பக்கம்.

பாடியில் துரு அரிப்பைப் பார்த்தீர்களா? இன்ஜின் ஓடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கதவின் கீழ்விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே, முன் ஷாக் மேலே பிடிக்கும் இடம் மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மூன்றாவது இடத்தில் உள்ளே போனால் பத்தாயிரத்தைக் கட்டாதீர்கள்.

ஃபோர்டு ஐகான் வைத்திருக்கிறேன். கம்பெனியே போய்விட்டது, பாகத்துக்கு எங்கே போவது? (தாம்பரம்)

மறைமலை நகரிலிருந்து இறங்கிய வண்டியை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் இருந்து இதைக் கேட்கிறீர்கள். தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், அதனால் பாகமே கிடையாது என்று ஆகிவிடாது. ஃபில்டர், பிரேக் பேடு, கிளட்ச் பிளேட் எல்லாம் வெளிக்கம்பெனித் தயாரிப்பாகவே கிடைக்கும். கதவுக் கண்ணாடி, டெயில் லைட், கைப்பிடி, டேஷ்போர்டு துண்டுகளுக்குச் சென்னையின் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டை. பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள். பிரேக், ஸ்டீயரிங், டயர், ரப்பர், பெல்ட், இவற்றைப் பழையதாக எங்கேயும் வாங்காதீர்கள், எவ்வளவு சல்லிசாக வந்தாலும்.

ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏசி கேஸ் நிரப்புகிறேன். எந்தக் கம்பெனி கேஸ் நல்லது? (வேலூர்)

கேஸ் என்ன பெட்ரோலா, தீர்ந்துபோக? லீக் இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் மட்டும் அடிக்கிற மெக்கானிக்கை மாற்றுங்கள்.

பழைய வண்டியில் ஏர்பேக் பொருத்த முடியுமா? (ஈரோடு)

முடியாது. பெல்ட் இழுத்தால் பூட்டுகிறதா பாருங்கள், பின்சீட்டில் சீட்டுக்கு அடியில் போய்விட்ட பக்கிளைத் தேடி எடுங்கள்.

இன்ஜின் ஆயிலில் ஊற்றுகிற பவர் பூஸ்டர்? (கரூர்)

நல்ல ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள். அந்தப் பாட்டில் காசுக்கு ஆயில் ஃபில்டர் வரும்.

எலி வயரைக் கடிக்கிறது. புகையிலைக் கட்டு வைத்தேன், இரண்டு நாளில் அதையும் இழுத்துப் போய்விட்டது. (ஸ்ரீரங்கம்)

புகையிலை, அந்துருண்டை எல்லாம் வாசனை இருக்கும்வரைதான். தினமும் வண்டியை எடுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், ராத்திரி பானெட்டைத் திறந்து வையுங்கள், இருட்டும் கதகதப்பும் இருக்கிற இடத்தில்தான் அது குடியிருக்கும். கீழ்ப்பக்கம் பெரிய ஓட்டைகளுக்குக் கம்பி வலை அடிக்கலாம், ஆனால் சைலன்சரையும் ஃபேனையும் தொடாமல். கடித்த வயரை டேப் சுற்றி விடாதீர்கள், சால்டர் வைத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். பின்சீட்டில் குழந்தைகள் சாப்பிட்டுப் போட்ட முறுக்கையும் கொஞ்சம் கூட்டி எடுங்கள்.