குறைந்த உருப்பெருக்க ஸ்கோப்பும் வேட்டையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெளிநாடுகளில் சட்டப்படி வேட்டைக்குச் செல்லும் நம்மவர்களிடமிருந்தும், படுவான்கரையிலும் அம்பாறை மாவட்டத்திலும் வயல் காவலில் இருப்பவர்களிடமிருந்தும் அண்மையில் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே கருவியைப் பற்றியவையாக இருந்தன. படையினருக்கென வடிவமைக்கப்பட்டு, இப்போது வேட்டைத் துவக்குகளிலும் பூட்டப்படுகின்ற, 1 மடங்கில் தொடங்கி 6, 8 அல்லது 10 மடங்கு வரை உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய ஸ்கோப்தான் அது. நில அளவைக் கருவிகளின் வில்லைகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் அவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: கல்லடியைச் சேர்ந்த நான் இப்போது மெல்பேர்ணில் வசிக்கிறேன். எனது .308 றைபிளில் 1-6x24 ஸ்கோப் ஒன்றைப் பூட்டி, விக்டோரியா மலைக்காடுகளுக்கு மரை வேட்டைக்குப் போகிறேன். பகலில் தெளிவாக இருக்கும் காட்சி பொழுது சாயும்போது இருண்டுவிடுகிறது. வில்லை தரமற்றதா?

பதில்: வில்லையைக் குறை சொல்வதற்கு முன்னர், துவக்கிலிருந்து கழற்றிய ஸ்கோப்பை 6 மடங்கில் வைத்து, கையை நீட்டி வானத்தின் பக்கம் பிடித்துப் பாருங்கள். பார்வைத்துண்டின் நடுவில் சிறிய வட்டமாக ஓர் ஒளிப்பொட்டுத் தெரியும். உங்கள் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் முழுவதும் அந்தப் பொட்டின் வழியாகத்தான் வருகிறது. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும். 1-6x24 என்பதில் கடைசி எண்தான் முன்வில்லையின் விட்டம்; 24 மில்லிமீற்றரை 6 ஆல் வகுக்க 4 மில்லிமீற்றர். இருளில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் வரை விரியும். அறுபதைக் கடந்தவருக்கு அது 5 மில்லிமீற்றர் அளவில் நின்றுவிடும். ஆகவே மாலை மங்கலில் உங்கள் கண் ஏற்கத் தயாராக இருக்கும் வெளிச்சத்தின் ஒரு பகுதியை அந்த 4 மில்லிமீற்றர் பொட்டுத் தர முடியாமல் போகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியும் இந்தக் கணக்கை மாற்றாது.

பரிகாரம் எளிது. வெளிச்சம் குறையக் குறைய உருப்பெருக்கத்தையும் 4 மடங்குக்குக் குறைத்துவிடுங்கள். பொட்டு 6 மில்லிமீற்றராகப் பெருகும், உருவம் சிறிது சிறுத்தாலும் காட்சி வெளிச்சமாகும். 8 மடங்கு, 10 மடங்கு என்று ஆசை காட்டும் 24 மில்லிமீற்றர் ஸ்கோப்புகள் உச்ச அளவில் முறையே 3, 2.4 மில்லிமீற்றர் பொட்டையே தருவதால், மாலை வேட்டைக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. ஐரோப்பாவில் காட்டுப்பன்றி வேட்டைக்காக நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வரும் 1.5-6x42 வகை, 6 மடங்கிலும் 7 மில்லிமீற்றர் தருகிறது. புதிதாக வாங்குவதாக இருந்தால் அதையே பாருங்கள்.

மற்றொன்றையும் கவனியுங்கள். விக்டோரியாவில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை மரை வேட்டைக்கு அனுமதி உண்டு. அந்த அரை மணி நேரத்தில் மரையின் உடல் கரும்பழுப்பு, பின்னால் நிற்கும் காடும் இருட்டு. சேற்றில் கிடக்கும் எருமையின் முதுகில் கறுப்பு நூலை வைத்ததுபோல் ஸ்கோப்புக்குள் குறிபார்க்க உதவும் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். நடுப்புள்ளிக்கு மட்டும் சிவப்பு வெளிச்சம் தரும் வகை அப்போது உதவும். ஆனால் பகலில் வைத்த பிரகாசத்தை அப்படியே விட்டால் அந்தப் புள்ளியே விலங்கை மூடி உங்கள் கண்ணைக் கூசச் செய்யும். மிகக் குறைந்த படிக்கு இறக்கி வையுங்கள், ஒரு மின்கலத்தை மேலதிகமாகச் சட்டைப் பையில் வைத்திருங்கள். இலங்கையிலிருந்து 1860களில் கொண்டுசெல்லப்பட்ட மரைகளும் அந்தக் காடுகளின் மரைக் கூட்டங்களுக்கு மூதாதையர் என்பதையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்படும் அதே விலங்கைத்தான் அங்கே நீங்கள் அனுமதியோடு வேட்டையாடுகிறீர்கள். உருவம் தெளியாத ஒன்றின் மீது விசையை அழுத்தாதிருப்பது அதற்கு நீங்கள் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

கேள்வி: நான் நோர்வேயில் இருக்கிறேன், ஊர் செட்டிபாளையம். மூஸ் எனும் பெரிய மானை வேட்டையாடும் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். முதற் குவியத் தளம், இரண்டாம் குவியத் தளம் என்கிறார்களே, எதை வாங்குவது?

பதில்: முதற் குவியத் தளத்தில் கோடுகள் அமைந்திருந்தால், உருப்பெருக்கத்தைக் கூட்டும்போது கோடுகளும் காட்சியோடு சேர்ந்து பெருக்கும், குறைக்கும்போது சேர்ந்து சிறுக்கும். அதனால் கோட்டிலுள்ள அளவுக் குறிகள் எல்லா மடங்கிலும் சரியாக இருக்கும். தூரம் மாறிக்கொண்டேயிருக்கும் படைவீரருக்கு அது மிகவும் பயன்படும். ஆனால் மூஸை விரட்டிவரும் வேட்டையில், மரங்களின் இடைவெளியை அது கடக்கும் சில கணங்களுக்காக நீங்கள் 1 அல்லது 2 மடங்கில் காத்திருக்கிறீர்கள். அந்த நிலையில் கோடுகள் முடியளவுக்கு மெலிந்து, அளவுக் குறிகள் அனைத்தும் நடுவில் ஒரு கறையாகச் சுருங்கிவிடும். இரண்டாம் குவியத் தளத்தில் கோடுகள் எந்த மடங்கிலும் ஒரே தடிப்பில் நிற்கும். அளவுக் குறிகள் ஒரு குறிப்பிட்ட மடங்கில் மட்டுமே, பெரும்பாலும் உச்ச மடங்கில் மட்டுமே, சரியாக இருக்கும் என்பது அதன் குறை. உங்களுக்கு அந்தக் குறிகள் தேவைப்படப்போவதில்லை. 100 மீற்றரில் குறி நேர்செய்த .308 தோட்டா 200 மீற்றரில் ஏறத்தாழ 10 முதல் 13 சென்ரிமீற்றர் வரைதான் தாழும். மூஸின் மார்புக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இரண்டாம் குவியத் தளம், தடித்த கோடுகள், நடுவில் ஒளிரும் புள்ளி என்று கேட்டு வாங்குங்கள். 1 மடங்கில் 100 மீற்றர் தூரத்தில் 35 மீற்றருக்கு மேல் அகலமான காட்சி கிடைக்கும், 6 மடங்கில் அது 6 மீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதால், காத்திருக்கும் நேரமெல்லாம் குறைந்த மடங்கிலேயே வைத்திருங்கள்.

ஆண்டுதோறும் நீங்கள் கொடுக்க வேண்டிய சூட்டுத் தேர்வுக்கு, அதாவது 100 மீற்றரில் 5 சூடுகளும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேண்டிய அந்தத் தேர்வுக்கு, இந்த ஸ்கோப் தாராளமாகப் போதும். நேர்செய்யும்போது, குறித் திருகின் 0.1 மில் (கோண அளவு) கொண்ட ஒரு சொடுக்கு 100 மீற்றரில் 1 சென்ரிமீற்றர் நகர்த்தும் என்பதை நினைவில் வைத்தால் வேலை சுலபம்.

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோவிலிருந்து எழுதுகிறேன், ஊர் திருக்கோவில். ஸ்கோப்போடு வந்த உயரமான பூட்டையே, அதாவது ஸ்கோப்பைத் துவக்கோடு இணைக்கும் தாங்கியையே, என் போல்ற் றைபிளில் போட்டிருக்கிறேன். கன்னம் துவக்கின் பின்கட்டையில் படவில்லை, குறி தவறுகிறது.

பதில்: அந்தப் பூட்டு, நேர்கோட்டுக் கட்டை கொண்ட படைத்துறைத் துவக்குகளுக்காகச் செய்யப்பட்டது. வேட்டை றைபிளின் கட்டை கீழ்நோக்கிச் சரிவதால், அதே உயரத்தில் பார்க்கக் கன்னத்தைத் தூக்க வேண்டியிருக்கிறது; ஒவ்வொரு முறையும் கண் வெவ்வேறிடத்தில் நிற்கிறது. தாழ்ந்த வளையங்கள் இரண்டை வாங்கிப் பூட்டுங்கள். முன்புறம் அகலாத நேர்க்குழல் என்பதால் 24 மில்லிமீற்றர் ஸ்கோப்பைத் துவக்கின் குழலை ஒட்டினாற்போல் தாழ்த்திப் பூட்டலாம். இந்த வகையின் உண்மையான சிறப்பே அதுதான். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்தால் முழுக் காட்சியும் உடனே தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் ஸ்கோப்பை முன்னோ பின்னோ நகர்த்துங்கள். உருப்பெருக்க வளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நெம்பு, போல்ற்றைத் தூக்கும்போது இடிக்கிறதா என்று பாருங்கள், இடித்தால் கழற்றிவிடுங்கள். மூடியில்லாத குறித் திருகுகள் பற்றைக்குள் உராய்ந்து திரும்பிவிடுவதுண்டு என்பதால், காட்டுக்குள் இறங்குமுன் சுழியக் குறியில் நிற்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: ஐயா, வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இரவில் காட்டுப்பன்றி இறங்குகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதிப்பத்திரம் பெற்ற 12 போர் துவக்கு இருக்கிறது. அதில் இப்படி ஒரு ஸ்கோப்பைப் பூட்டினால் இருட்டில் பன்றி தெரியுமா?

பதில்: தெரியாது, பூட்டவும் வேண்டாம். மேலே சொன்ன கணக்கின்படி ஸ்கோப் இருக்கும் வெளிச்சத்தைச் சேர்த்துத் தருமேயன்றி இல்லாத வெளிச்சத்தை உண்டாக்காது. வாய்ப்புறம் நெருக்கப்படாத குழலிலிருந்து புறப்படும் சன்னங்கள் 30 மீற்றரில் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலத்துக்கு விரிந்துவிடும். அவற்றுக்கு நுணுக்கமான குறிக்கோடு பயன்படாது. 12 போர் பின்னுக்கு இடிக்கும் வேகத்தில், கண்ணுக்கு மிக அருகே பூட்டப்பட்ட ஸ்கோப் புருவத்தைக் கிழித்துவிடும்.

இவற்றைவிட முக்கியமான காரணம் வேறு. ஸ்கோப் பூட்டியவர் அதையே பார்ப்பதற்கும் பயன்படுத்தத் தொடங்குகிறார். "அங்கே அசைவது என்ன?" என்று பார்க்கத் திரும்பும்போது துவக்கின் வாயும் அந்தப் பக்கமே திரும்புகிறது. கதிர் முற்றிய வட்டையில் இரவில் அசைவது பன்றியாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை; அடுத்த வரம்பில் காவலிருக்கும் முல்லைக்காரராக இருக்கலாம், தண்ணீர் கட்டப் போனவராக இருக்கலாம், யானையாகவும் இருக்கலாம். சன்னம் யானையை உடனே கொல்லாது. காயத்தோடு போன யானை மாதக்கணக்கில் புண் அழுகித் துன்பப்பட்டு, அதற்குள் எதிர்ப்பட்ட மனிதரையும் தாக்கும். வனசீவராசிகளைப் பாதுகாக்கும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் யானை, மரை, புள்ளிமான் ஆகியவற்றைச் சுடுவது குற்றம் என்பதையும், உங்கள் அனுமதிப்பத்திரம் பயிரைக் காப்பதற்கே தரப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஸ்கோப்புக்கு வைத்த பணத்தில் 7x50 அல்லது 8x42 தொலைநோக்கி ஒன்றை வாங்கிப் பரணில் வைத்திருங்கள். முன்னதன் ஒளிப்பொட்டு 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், பின்னதன் பொட்டு 5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். நிலவு வெளிச்சத்தில் வரம்பில் நிற்பது நான்கு காலா இரண்டு காலா என்று பிரித்தறிய அது போதும். துவக்கு அதுவரை பரணில் சாய்ந்தே இருக்கட்டும்.

கேள்வி: அண்ணன் வெளிநாட்டிலிருந்து அக்கரைப்பற்றுக்கு வரும்போது இப்படியொரு ஸ்கோப்பைப் பயணப் பொதியில் கொண்டுவரலாமா?

பதில்: பாதுகாப்பு அமைச்சின் எழுத்துமூல அனுமதி கையில் இல்லாமல் கொண்டுவர வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். பறவை பார்க்கும் தொலைநோக்கியைக் கொண்டுவரச் சொன்னால் வீட்டில் எல்லோரும் பயன்படுத்தலாம்.

கேள்வி: எனது பழைய தொலைநோக்கியின் வில்லைக்குள் வெள்ளை நூல் படர்ந்ததுபோல் தெரிகிறது. துடைத்தும் போகவில்லை. (வாழைச்சேனை)

பதில்: அது பூஞ்சணம். வாவியோரக் காற்றின் ஈரத்தில், தோலுறைக்குள் மூடி வைத்த வில்லைகளில் மாரி காலத்தில் அது வேரோடும். உட்புறத்தில் படர்ந்திருப்பதால் வெளியே துடைத்துப் பயனில்லை; திருகுகளைத் தாமாகக் கழற்றினால் இரு குழல்களின் நேர்கோடும் கலைந்துவிடும் என்பதால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அவர் காலந்தாழ்த்தாமல் திறந்து துடைத்தால் கண்ணாடியின் பூச்சு தப்பும். தாமதித்தால் பூஞ்சணம் சுரக்கும் அமிலம் பூச்சை அரித்து நிரந்தரத் தழும்பை விட்டுவிடும். திருத்தி வந்த பிறகு தோலுறையில் வைக்காமல், இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறிய பொட்டலங்களை மெல்லிய சூட்டில் உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம். ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான்.