ஜீப்பை 2 அங்குலம் தூக்கிய பிறகு பழைய ஷாக் அப்சார்பரே போதுமா?

போதாது. அதற்காகக் கடையில் போய் "2 அங்குல லிஃப்டுக்கு ஒரு செட் கொடுங்க" என்றும் வாங்கிவிடாதீர்கள். இரண்டு தப்பையும் நான் செய்திருக்கிறேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். பழைய மஹிந்திரா ஜீப், நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். அறுவடை மிஷின் போய்வந்த ஆற்றங்கரையில் சக்கரத் தடம் ஆழமாக விழுந்துவிடும், நடுமேடு வண்டியின் அடியில் இடிக்கும். அதனால் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுத் தூக்கினோம். ஷாக்கை மாற்றவில்லை. பாமணியாற்றுக் கரையில் மதகோரம் ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் தொங்கியதும், ஷாக் அதற்குமேல் நீள முடியாமல் கீழே மாட்டும் வளையமான கீழ்க்கண் அதன் ரப்பர் புஷ்ஷோடு பிய்ந்து வந்துவிட்டது.

அடுத்து நீளமானதாகப் பார்த்து மாட்டினேன். பின்னால் ஆறு மூட்டை நெல் ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்கியபோது 'டங்' என்று இடித்தது. ஆக்சில் மேலேறி சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பைத் தொடும் முன்பே ஷாக் முழுசாக அமுங்கி, சீல் போய் எண்ணெய் ஒழுகியது. லிஃப்ட் செய்தால் வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். பம்ப் ஸ்டாப் பழைய இடத்தில்தான் இருக்கும். எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, அளப்பது எப்படி? சமதரையில் நிறுத்தி, ஷாக்கின் மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண் வரை அளங்கள். 46 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பம்ப் ஸ்டாப்புக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி 9 என்றால், அமுங்கும்போது 37 வரை வரும். ரப்பரும் நசுங்கும் என்பதால் மூடிய நீளம் 33, 34-க்குள் உள்ள ஷாக்காகத் தேடுங்கள். பிறகு ஷாக்கைக் கழற்றிவிட்டு, சேஸிஸை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அதே இரண்டு இடத்துக்கும் நடுவே அளங்கள். 56 வந்தால், விரிந்த நீளம் 58 இருக்கட்டும். முன்னும் பின்னும் தனித்தனியாக அளக்க வேண்டும். மூடிய நீளம் ஒத்துவராவிட்டால் பம்ப் ஸ்டாப்பைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், எப்படித் தூக்கினீர்கள் என்பதும் முக்கியம். ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை மட்டும் நீளமாக்கியிருந்தால் ஸ்பிரிங்கின் கடினம் பெரிதாக மாறாது, நீளம் சரியாக இருந்தால் போதும். பட்டை சேர்த்திருந்தால் ஸ்பிரிங் கடினமாகி, வேகமாகத் திருப்பி உதைக்கும். விரியும்போது இறுக்கிப் பிடிக்கிற ஷாக்காகக் கேளுங்கள். இல்லையென்றால் வெறும் வண்டியில் பின்பக்கம் துள்ளிக்கொண்டே வரும்.

சக்கரம் தொங்கும்போதே பிரேக் ஹோஸையும் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) பாருங்கள். விறைத்து நின்றால், நீளமானது மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.