கறை இல்லை, கைகள் உள்ளேதான் இருக்கின்றன

வணக்கம். உங்கள் விண்வெளிப் படங்களைப் பார்த்த ஆசையில் 80 மி.மீ. தொலைநோக்கியும், வானத்தோடு சுழலும் மவுண்டும் வாங்கினேன். கொல்லைப்புறத்தில் வைத்து ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை 30 வினாடி எக்ஸ்போஷரில் எடுத்தேன். கிடைத்தது ஒரு சாம்பல் கறை. சுருள் கைகள் எங்கே? பெரிய தொலைநோக்கி வாங்கவா? தெருவிளக்கு வெளிச்சத்தை வெட்டும் ஃபில்டர் உதவுமா?
– கே.

அன்புள்ள கே.,

பெரிய தொலைநோக்கி இப்போது வேண்டாம். ஆண்ட்ரோமீடா வானத்தில் சுமார் 3 டிகிரி நீளம். ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த மாதிரி. பெரிய கருவிகளுக்குப் பெரும்பாலும் குவியத் தூரமும் அதிகம், அதாவது எல்லாம் பெரிதாகத் தெரியும். அதில் நடுப்பகுதி மட்டும்தான் படத்துக்குள் அடங்கும்.

நீங்கள் கறை என்று சொல்வது அதன் மையம். கைகள் நம் வானத்தின் வெளிச்சத்தை விட மங்கலானவை. நேரம் கொடுத்தால்தான் பிரிந்து வரும். அதே 30 வினாடியில் 200 படங்கள் எடுத்து ஸ்டாக் செய்யுங்கள், அதாவது மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். 100 நிமிட ஒளி கையில் இருக்கும். ஸ்டாக் செய்ததும் படம் கறுப்பாகவே தெரியும், பயப்படாதீர்கள். ஸ்ட்ரெட்ச் செய்யும்போதுதான், அதாவது மங்கலான பகுதிகளை மென்பொருளில் பிரகாசமாக்கும்போதுதான், கைகள் எழுந்து வரும். ஒன்று மட்டும்: படங்களை 4 மடங்காக்கினால் தெளிவு 2 மடங்குதான் கூடும். இந்தக் கணக்கு பல இரவுகளைத் தின்றுவிடும்.

ஃபில்டருக்குச் செலவு செய்யாதீர்கள். நெபுலா எனும் வாயு மேகத்தில் ஹைட்ரஜனின் ஒளி குறுகிய நிறத்தில் வருகிறது, அங்கே ஃபில்டர் பிரமாதம். கேலக்ஸி என்பது நட்சத்திர ஒளி, எல்லா நிறமும் கலந்தது. தெருவிளக்கை வெட்டினால் அதையும் சேர்த்தே வெட்டும். நிலா இல்லாத இரவில், கேலக்ஸி உச்சிக்கு வரும் நேரமாகப் பார்த்து எடுங்கள். செலவில்லை.

அப்புறம் ஃபோகஸ். குளிர ஆரம்பித்தால் தொலைநோக்கியின் குழாய் சுருங்கி ஃபோகஸ் நகரும். தெரியாமல் தூங்கிப்போய் ஒருமுறை மூன்று மணி நேரம் வீணாக்கினேன். நட்சத்திரங்கள் எல்லாம் வடை மாதிரி ஓட்டையோடு இருந்தன. மணிக்கு ஒருமுறை எழுந்து பாருங்கள்.

1845-இல் அயர்லாந்து வானியலாளர் ராஸ் பிரபு 72 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கி வழியாக எம்51 என்ற இன்னொரு கேலக்ஸியின் சுருளைக் கண்ணால் கண்டு கையால் வரைந்தார். கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை, கேமரா சேர்க்கும். அதனால் அந்தச் சுருள் உங்கள் 80 மி.மீ.யிலும் விழும். நிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் படத்தில் பொடியாக இருக்கும். அதையும் எடுத்துப் பாருங்கள். அப்போதும் ஆசை அடங்காவிட்டால், பெரிய தொலைநோக்கி பற்றிப் பேசலாம்.