ப்யூரோவுக்குப் போன் போடுவதற்கு முன்னால்

மும்பையில் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸ் வேலை. ரிட்டயர் ஆனபின் படுத்த படுக்கையான மாமியாரோடு ஆறு வருஷம். அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த ஆறு வருஷம்தான். வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்க்கும் நம்மவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே.

செம்பூர்: அப்பாவுக்கு 82 வயது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். நர்ஸ் வைப்பதா, ஆயா போதுமா சிஸ்டர்?

வீட்டுக்கு நர்ஸ், ஆயா அனுப்பும் ப்யூரோவில் கேட்டால் "நர்ஸே அனுப்புறோம்" என்பார்கள். வாசலில் வந்து நிற்பது பெரும்பாலும் கோட்டு போட்ட ஆயாபாய்தான். ஊசி, இன்சுலின், மூக்குக்குழாய், சளி உறிஞ்சுவது, யூரின் டியூப் மாற்றுவது எல்லாம் ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். என்ற நர்சிங் படிப்பு முடித்த நர்ஸின் வேலை. அவரிடம் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற, வாயில் ஊட்ட, பிடித்து நடக்கவிட மாவ்ஷி போதும், இங்கே ஆயாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆண் என்றால் மாமா என்பார்கள். உங்கள் அப்பாவுக்கு ஒரு மாமா போதும் என்று நினைக்கிறேன். கட்டு மாற்றவும், ஊசி எழுதியிருந்தால் அதைப் போடவும் மட்டும் நர்ஸ் வந்து போகட்டும்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். இன்று ராத்திரி வார்டில் நீங்களே தங்குங்கள், கையில் ஒரு நோட்டோடு. எத்தனை மணிக்கு ஒண்ணுக்குப் போனார், எழுப்ப எத்தனை கை வேண்டியிருந்தது, எப்போது வலி என்றார், எல்லாம் எழுதுங்கள். ராத்திரி நாலு தடவை எழுகிறவருக்குப் பகல் ஷிப்ட் ஆள் மட்டும் வைத்து என்ன பிரயோஜனம்? முக்கால்வாசி வீடுகளில் இதுதான் நடக்கிறது. பகலில் ஆள் டிவி பார்க்கும், ராத்திரி பிள்ளைக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். நோட்டைப் பார்த்துக்கொண்டே ப்யூரோவிடம் பேசுங்கள். லீவு போட்டால் மாற்று யார், சாப்பாடு யார் பொறுப்பு, டெபாசிட் திரும்புமா என்றும் கேளுங்கள். கட்டிலும் கமோடு நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும், வாங்காதீர்கள். டாக்டர் சொல்லும்வரை தாழ்வான சோபாவில் உட்காரவிட வேண்டாம்.

மாட்டுங்கா: அம்மாவுக்கு மறதி நோய். 50 வருஷம் மராத்தி, ஹிந்தி எல்லாம் பேசியவர், இப்போது தமிழ் மட்டும்தான். மாவ்ஷி மகாராஷ்டிராவில் சாத்தாராக்காரர், தமிழ் தெரியாது. தினமும் சண்டை.

பின்னால் கற்ற மொழி முதலில் போவது இந்த நோயில் சகஜம். என் மாமியார் "போதும்" என்பார். மாவ்ஷி இன்னொரு கரண்டி ரசஞ்சாதத்தை வாயில் வைப்பார். இவர் துப்புவார். "ஆஜி (பாட்டி) சாப்பிடவே மாட்டேங்கறாங்க" என்று என்னிடம் புகார் வரும். ஒருநாள் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் 18 தமிழ் வார்த்தைகளை தேவநாகரியில் எழுதிக் கட்டிலருகே தொங்கவிட்டேன்: போதும், வேணாம், தண்ணி, வலிக்குது, குளிருது, ஒண்ணுக்கு. (வாழைப்பழம் வேண்டாமென்று விட்டுவிட்டேன். ழகரத்தோடு யார் மல்லுக்கட்டுவது?) இரண்டு வாரத்தில் "ஆஜி, போதுமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார்களே, அப்போது "இதுதானே உங்க வீடு" என்று வாதாடாதீர்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டு, கையில் ஒரு கட்டு கீரையைக் கொடுத்து ஆயச் சொல்லுங்கள். வாட்ச்மேனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

முலுண்ட்: ஏர் பெட் வாங்கியும் பெரியப்பாவுக்கு முதுகுக்குக் கீழே புண்.

ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டத்தான் வேண்டும். அதன்மேல் என்ன விரித்திருக்கிறீர்கள்? ரப்பர் ஷீட், மடித்த போர்வை, பழைய வேட்டி என்று அடுக்கினால் காற்று இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒரு பருத்தி விரிப்பு போதும். இடுப்புக்கு நேராக, பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். உடம்பு கையில் இடித்தால் காற்று பத்தவில்லை.

புண் வருமுன் அந்த இடம் சிவக்கும் என்பார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரிகிறது? தடவிப் பார்த்தால் சூடும் கெட்டிப்பும் தெரியும். அங்கே தேய்க்கக் கூடாது. நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையமும் வேண்டாம், சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது கெடுக்கும். கறுத்துப்போனாலோ, நாற்றம், காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டர்.

தானே: ஆயா சம்பளத்தை இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

பொதுவாகக் கொடுக்காது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024-இல் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையில் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, அதுவும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான்.

சயான்: மழை வந்தால் ராத்திரி மாவ்ஷி வருவதில்லை. பகல்காரர் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்.

2005 ஜூலை 26 ஞாபகமிருக்கும். சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. அன்று காலை டூட்டிக்குப் போன நான் மூன்றாம் நாள்தான் வீடு வந்தேன். ஆகவே இரண்டு டிரெயின் மாறி வருகிறவரைவிட, நடந்து வரக்கூடியவர் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாத்திரை, டயப்பர் நாலு நாளுக்குக் கையிருப்பு வேண்டும். பகல்காரர் தங்க ஒரு பாயும், அதற்குத் தனிக்கூலியும் முன்பே பேசிவையுங்கள். ஆக்சிஜன் மெஷின் ஓடுகிற வீடு என்றால் ஒரு சிலிண்டர் அவசியம், கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும்.

டோம்பிவிலி: அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். பணம் அனுப்பிவிட்டு "நல்லா பாத்துக்கோ" என்கிறார். நான் ராத்திரி தூங்கி நாலு மாதம் ஆகிறது அக்கா.

செம்பூர்க்காரரிடம் சொன்ன அதே நோட்டுதான். ஒரு வாரம் எழுதி, பக்கங்களைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பும்மா. வாயால் சொன்னால் புலம்பல் என்பார்கள். "2:10 டயப்பர், 3:40 இருமல், 4:15 திரும்ப டயப்பர்" என்று பார்த்தால் பேச்சு வராது. வாரத்தில் மூணு ராத்திரிக்கு ஆள் போடு, அதற்குத் தனியாகப் பணம் கேள். வருஷத்தில் இரண்டு வாரம் அவரே வந்து பார்க்கட்டும். முதல் நாள் கூட இருந்து எல்லாம் காட்டிக்கொடு. இரண்டாம் ராத்திரி அந்த வீட்டில் இருக்காதே. இங்கே என் வீட்டில் ஒரு கட்டில் சும்மாதான் கிடக்கிறது.