காலாண்டு விடுமுறையில் இலங்கைக் காடுகள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஐந்து நாள் இலங்கை போகிறோம். யாலாவில் சிறுத்தை, மிரிஸ்ஸாவில் நீலத் திமிங்கிலம், மின்னேரியாவில் யானைக்கூட்டம், மூன்றையும் பார்க்க ஆசை. எட்டு வயது மகளும் மூட்டுவலி உள்ள அம்மாவும் வருகிறார்கள். எப்படித் திட்டமிடுவது?
- வாசகர், கோவை

பதில்: மூன்றில் இரண்டு இடங்களை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். மிரிஸ்ஸாவில் திமிங்கிலம் பார்க்க ஏற்ற காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. தென்மேற்குப் பருவக்காற்று ஓயாத செப்டம்பரில் தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும். யாலாவில் எல்லோரும் போகும் முதல் பிரிவை, வறட்சி காரணமாகப் பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள். ஆனால் யானைக்கு இதைவிட நல்ல மாதம் கிடைக்காது.

ஹபரணை ஊரில் தங்குங்கள். மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு என்ற மூன்று யானைக் காடுகளும் பக்கத்தில்தான். இந்த வறண்ட மாதங்களில் அங்குள்ள குளத்து நீர் வற்ற வற்ற, வெளிப்படும் தரையில் இளம்புல் முளைக்கும். அதைத் தேடித்தான் யானைகள் வருகின்றன. மகாசேன மன்னன் 3ஆம் நூற்றாண்டில் கட்டிய மின்னேரியா குளத்தில் சில ஆண்டுகளாக இந்த நேரத்தில் நீர் கூடுதலாக நிற்பதால் புல் மூழ்கிவிடுகிறது. யானைகள் கவுடுல்லவுக்கு நகர்ந்துவிடும். அதனால் எந்தப் பூங்கா என்று ஊரிலிருந்தே முடிவு செய்து பணம் கட்டாதீர்கள். அன்று காலை ஜீப் ஓட்டுநர்களிடம் கேளுங்கள், எங்கே நிற்கின்றன என்று சரியாகச் சொல்வார்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பினால் போதும்.

புல் தின்பதை மகளுக்குக் காட்டுங்கள். முன்னங்காலால் எத்தி வேரைத் தளர்த்தி, தும்பிக்கையால் சுருட்டிப் பிடுங்கி, மண் உதிரக் காலில் தட்டிவிட்டுத்தான் வாயில் போடும். தந்தம் இல்லாததெல்லாம் பெண் யானை என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் தந்தமுள்ள ஆண் யானைகள் மிகக் குறைவு. பெரிய யானைகள் குட்டியை நடுவில் வைத்து நெருக்கி நின்றால், நம் ஜீப்புகள்தான் அவற்றைப் பதற வைத்திருக்கின்றன. ஓட்டுநரை வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

சிறுத்தைக்கு, யாலாவுக்குப் பதில் வில்பத்து தேசியப் பூங்கா போகலாம். அனுராதபுரத்தில் தங்கி அதிகாலையில் நுழையுங்கள். இலங்கையில் புலியோ சிங்கமோ கிடையாது. முதுமலையில் புலிக்கு ஒதுங்கி வாழும் சிறுத்தை, இங்கே பட்டப்பகலிலும் மணல் பாதையில் நடக்கும், படுத்தும் கிடக்கும். புள்ளிமானோ மந்தியோ விடாமல் குரல் கொடுத்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். ஆனாலும் காடு பெரியது, மரங்கள் அடர்ந்தது. பார்த்தே தீருவோம் என்று மகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். கரடியும் அப்படித்தான். அது விரும்பித் தின்னும் பாலைப்பழத்தின் காலம் முடிந்திருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம்.

அப்புறம், அம்மா. முழுநாள் சஃபாரி வேண்டாம், அரைநாள் போதும். பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில்தான் குலுக்கல் அதிகம், அவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். உள்ளே கழிப்பறை அரிது, புறப்படும் முன் போய்விட்டு வருவது நல்லது. புழுதிக்கு முகத்தில் கட்ட ஒரு பருத்தித் துணி.

வழியில் சாலையோரம் யானை நின்றால் பழம் நீட்டாதீர்கள். கொடுத்துப் பழக்கிய யானைதான் அடுத்த வண்டியை மறிக்கும், கண்ணாடிக்குள் தும்பிக்கையை விடும். ஓட்டுநரே வாங்கித் தந்தாலும் மறுத்துவிடுங்கள்.