பன்னிரண்டில் ஒரு பங்கு

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நாலறை வீட்டில் 19 ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சில ஆண்டுகளுக்கு முன்பு கூட்டுரிமை வீடு எனப்படும் தனியார் அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு, தாம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீட்டிலேயே இருக்கிறார். என் மகள் வீவகவின் புது வீட்டுக்கு மூன்று முறை விண்ணப்பித்தும் குலுக்கலில் அவளுக்கு வாய்க்கவில்லை. சொந்தமாகச் சொத்து வைத்திருப்பவர்களை அரசாங்கம் கட்டிய வீட்டில் இருக்க விடலாமா? அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் மகளுக்கு வரவேண்டியதைத் திருடிக்கொண்டவராகவே தெரிகிறார். பேச்சையும் நிறுத்திவிட்டேன். என் மகனோ, வியன்னாவில் வசதியானவர்களும் நகராட்சி வீடுகளில்தான் இருக்கிறார்கள், அதில் தவறில்லை என்கிறான். (எங்களுக்கும் மன்னார்குடிப் பக்கம் என் மாமனார் வீட்டில் ஒரு பங்கு இருக்கிறது. அதெல்லாம் சொத்துக் கணக்கில் வராது அல்லவா?)

க., ஈசூன்

அன்புள்ள க.,

நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிய அந்தக் கடைசி வரிக்காகத்தான் உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்கு வருவதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

திருடர் என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வீவக வீட்டில் கட்டாயம் குடியிருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலமான ஐந்தாண்டுகளைக் கழித்த பிறகு, குடிமகன் என்ற முறையில் சட்டம் அனுமதித்த ஒன்றைச் செய்திருக்கிறார். உங்கள் மகள் கேட்பது இனிமேல் கட்டப்போகும் புது வீடு, அவர் இருப்பதோ உங்கள் வீட்டைப் போலவே வயதான ஒரு வீடு. அவர் நாளைக்கே காலி செய்தாலும் அது மறுவிற்பனைச் சந்தைக்குத்தான் போகுமே தவிர உங்கள் மகளின் குலுக்கலுக்கு வராது. 19 ஆண்டுகளாக ஒரே தாழ்வாரத்தில் செருப்பைக் கழற்றி வைத்தவரிடம், அவர் எழுதாத ஒரு விதிக்காகப் பேச்சை நிறுத்துவது சரியில்லை. கோபம் விதியின்மேல் இருக்கட்டும்.

விதியின்மேல் எனக்கும் கோபம் உண்டு. இந்தத் தீவில் குடியிருக்கத் தகுந்த இரண்டு வீடுகளை வைத்திருக்கும் ஒருவர், அவற்றில் ஒன்று வீவக வீடாக இருந்தால், ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது, குடிசைகளிலும் நெருக்கடியான கடைவீடுகளிலும் இருந்தவர்களுக்குத் தலைக்குமேல் ஒரு கூரை கொடுப்பதற்காக. இன்றைக்குப் பத்தில் எட்டுப் பேர் அந்த வீடுகளில் இருக்கிறோம். சந்தை விலைக்குக் குறைவாக, மானியத்தோடு, 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்படும் புது வீடு குடியிருப்பதற்காகத்தான் கொடுக்கப்படுகிறது. அதில் உட்கார்ந்துகொண்டே இன்னொரு வீட்டின் வாடகையை எண்ணுவதற்கு அது அடித்தளமாகிவிடக் கூடாது.

ஆனால் இன்றைய விதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தனியார் வீடு வைத்திருக்கும் ஒருவர் வீவக வீட்டுக்கு வர வேண்டுமென்றால் முதலில் அதை விற்க வேண்டும். மானியமில்லாத மறுவிற்பனை வீட்டை வாங்குவதற்கே, 2022 செப்டம்பர் 30 முதல், விற்ற பிறகு 15 மாதங்கள் காத்திருக்கவும் வேண்டும். வீவக வீட்டில் இருக்கும் குடிமகன் தனியார் வீடு வாங்கினாலோ, அந்தக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் கழிந்திருந்தால் போதும், இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வீட்டுக்கான கூடுதல் முத்திரை வரி 2023 ஏப்ரல் முதல் 20 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த வரியைக் கட்ட முடிந்தவருக்கு வேறு தடை கிடையாது. அதே இரண்டு வீடுகள், அதே ஆள். எதை முதலில் வாங்கினார் என்பதை வைத்து ஒருவருக்குத் தடையும் மற்றவருக்கு அனுமதியும் கிடைக்கின்றன. ஒரு வீட்டைக் கைவிடச் சொல்வது முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. குடியுரிமை இல்லாமல் இங்கே தங்க அனுமதி பெற்ற நிரந்தரவாசி ஒருவர் தனியார் வீடு வாங்கினால் ஆறு மாதங்களுக்குள் தம் வீவக வீட்டை விற்றாக வேண்டும் என்ற விதி இங்கேயே இருக்கிறது. ஹாங்காங்கில் 2017 அக்டோபர் முதல், பொது வாடகை வீட்டில் இருப்பவர் அங்கே சொந்தக் குடியிருப்பு வைத்திருந்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வியன்னாவைப் பற்றி உங்கள் மகனோடு வாதிட நான் வரவில்லை. அங்கே நகராட்சி தன் வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு மட்டும் விடுகிறது. உள்ளே வரும்போது வருமானத்தைப் பார்ப்பார்கள், பிறகு பார்ப்பதில்லை. விற்று லாபம் பார்க்க முடியாத வீட்டுக்கு ஏற்ற ஏற்பாடு அது, நம்முடைய கதை வேறு.

இனி அந்த அடைப்புக்குறி.

என் அப்பா 2011-இல் இறந்தார். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. தாத்தாவுக்கு நான்கும் ஆண் பிள்ளைகள், அப்பா மூன்றாமவர். பாகப் பிரிவினை நடக்கவில்லை, கூட்டுப் பட்டாவாகவே கிடந்தது. அப்பா உயிலும் எழுதவில்லை. ஆகவே அவருடைய கால் பங்கு அம்மாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் மூன்றாகப் பிரிந்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு என் தம்பியுடையது. அந்த வீட்டை அளந்து பிரித்திருந்தால் அவனுக்குத் திண்ணையில் ஒரு பாய் விரிக்கும் இடமும் கொல்லையில் ஒரு தென்னையும் வந்திருக்கும்.

2013-இல் அவனுக்குத் திருமணம் நிச்சயமானது. புது வீட்டுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தவன், உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ சொத்து உண்டா என்ற இடத்தில் நின்றுவிட்டான். வாரிசு உரிமையாக வந்ததும் சொத்துதான், பிறர் பெயரில் வைத்திருப்பதும் சொத்துதான் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. நண்பர்கள் அத்தனை பேரும், பட்டுக்கோட்டையில் இருக்கும் ஓட்டு வீடு இங்கே யாருக்குத் தெரியப்போகிறது, இல்லை என்று எழுதிவிட்டு வேலையைப் பார் என்றார்கள். நானும் அதையே சொன்னேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அவன் யார் பேச்சையும் கேட்காமல் ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். எனக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு உண்டு என்பதால் நானும் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது என்று நினைத்தோம். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பெரியப்பாவின் பெயருக்கு. விரல் ரேகை வைத்த மையைத் துடைக்க அவர் தம் மேல்துண்டின் நுனியை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "உன்னை யாருடா வீட்டை விட்டுப் போகச் சொன்னது?" என்று கேட்டார். பத்திரத்தின் பெயரே விடுதலை, அவருக்கு அதை எப்படி விளக்குவது? சிங்கப்பூரில் வீடு கிடைப்பதற்காக இந்த வீட்டில் எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று தம்பி சொன்னான். பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். அன்று மத்தியானம் அந்தத் திண்ணையில்தான் எங்களுக்கு இலை போட்டார்கள்.

அதன்பின் 30 மாதங்கள் காத்திருக்க வேண்டும். சொத்தைக் கைவிட்டவர் புது வீட்டுக்கு விண்ணப்பிப்பதற்கான இடைவெளி அது. தம்பியும் அவன் மனைவியும் அம்மாவின் மூவறை வீட்டில் இருந்தார்கள். மூவறை என்றால் படுக்கையறை இரண்டு என்பது உங்களுக்குத் தெரியும். சிறிய அறையில் ஏற்கெனவே பெட்டிகளும் அப்பாவின் மர அலமாரியும் இருந்ததால், அம்மா தம் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்தார். 2016-இல் விண்ணப்பித்து, 2020-இல் சாவி வாங்கினார்கள். இடையில் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பகுதியைப் புரட்டிப் போட்டபோது, எந்த வீட்டில் தனக்குப் பங்கில்லை என்று அவன் எழுதிக் கொடுத்திருந்தானோ அந்த வீட்டின் கூரையில் பாதி போய்விட்டது. தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தம்பி செய்தது சரி. இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன் என்கிறான், அவனுக்காக நான் இங்கே குறைப்பட்டுக்கொள்ளவில்லை. என் கேள்வியெல்லாம் சொத்து என்ற சொல்லை எதை வைத்து அளக்கிறோம் என்பதுதான். திண்ணையில் ஒரு பாய் அளவு பங்குக்காக ஒருவன் 30 மாதங்கள் காத்திருக்கிறான், கூட்டுரிமை வீடு ஒன்றை முழுமையாக வைத்திருப்பவர் ஒரு நாளும் காத்திருக்கத் தேவையில்லை. விதியால் ஆளைப் பார்க்கவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. அந்த 15 மாதக் காத்திருப்பிலிருந்து, நாலறையோ அதற்கும் சிறிய மறுவிற்பனை வீடோ வாங்கும் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு விலக்கு இருக்கிறது. வயதைப் பார்த்து இரங்கத் தெரிந்த விதி பங்கின் அளவையும் பார்க்கலாம். அந்த வீட்டில் குடியிருந்துகொண்டு இந்த ஊரில் வேலைக்கு வர முடியுமா, அதிலிருந்து வாடகை வருகிறதா, மற்ற பங்காளிகளைக் கேட்காமல் அதை விற்க முடியுமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மூன்றுக்கும் ஆம் என்பார். என் தம்பி மூன்றுக்கும் இல்லை என்றிருப்பான்.

இதைச் சொல்லும்போதே நம்மவர்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் இரண்டு அடுக்குமாடி வீடுகளை அண்ணன் பெயரிலோ அம்மா பெயரிலோ வாங்கிப் போட்டு, மாதாமாதம் வாடகையையும் வாங்கிக்கொண்டு, இங்கே விண்ணப்பத்தில் இல்லை என்று எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அதைப் பெருமையாகவே பேசுகிறார்கள், பக்கத்து இலைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்கிறார். இவர்களையும் என் தம்பியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று நான் கேட்க வேண்டுமென்றால், இவர்களை முதலில் நாமே கண்டிக்க வேண்டும். கடல் கடந்து இருப்பதால் ஒரு சொத்து சொத்தில்லாமல் போய்விடாது. பங்கு சிறியதாக இருந்தால் விதி இரங்கட்டும் என்று நான் வாதிடுவேன். மறைத்துவிட்டுப் பிறகு சிறியதுதானே என்பவருக்காக வாதிட மாட்டேன்.

அதனால்தான் உங்கள் அடைப்புக்குறி எனக்கு உறுத்தியது. பக்கத்து வீட்டுக்காரரின் சொத்தை முழுப் பத்தியாக எழுதிய நீங்கள் உங்களுடையதை அடைப்புக்குள் போட்டு, கணக்கில் வராது அல்லவா என்று கேட்கிறீர்கள். வரும், க. இப்போது அது உங்கள் கணவருடைய பங்காக இருக்கலாம், விண்ணப்பிப்பவர் உங்கள் மகள் என்பதால் இன்றைக்குச் சிக்கல் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மாமனார் உயில் எழுதினாரா, பேத்தியின் பெயரை எங்காவது சேர்த்தாரா, பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. மருமகனாக வரப்போகிற பிள்ளைக்கும் ஊரில் இப்படி ஏதாவது இருக்கக்கூடும், அவரும் கூட்டு விண்ணப்பதாரர்தானே. மன்னார்குடிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போடுங்கள். பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான்காவது விண்ணப்பத்துக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள், பத்திரத்தில் என்ன இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா